ஒத்திகை முடியும்வரை

மழைக்காலம் வந்தால் ரொட்டி சுடுகிறவர்களுக்கு இரண்டு தலைவலி. விறகு நனைந்து புகையும். மாவு சொன்ன பேச்சு கேட்காது. வெயில் நாளில் ஈரத்துணி போட்டு மூடிவிட்டு ஒரு குட்டித்தூக்கம் போட்டு எழுந்தால் தொட்டி விளிம்புவரை பொங்கி நிற்கிற அதே மாவு, ஈரக்காற்று வீசினால் வேலைக்குப் போக மனமில்லாதவனைப் போல அசையாமல் படுத்துக் கிடக்கும். ரொட்டியம்மா துணியை விலக்கி, விரலால் அழுத்திப் பார்த்து, "எழுந்திரிடி" என்று மாவை வைதுகொண்டிருந்தபோதுதான் போதகர் குடையைச் சுருக்கிக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றார்.

கடைக்கு முன்பக்கம் கண்ணாடி அலமாரியும் கல்லாவும். பின்பக்கம் ஒரே அறை. அதில் பாதியைச் செங்கல் அடுப்பு அடைத்துக்கொண்டிருந்தது. மீதியில் மாவு பிசையும் மேசை, தகர அச்சுகள், சுவரோரம் விறகு. அந்த இடுக்குக்குள் மூன்று பேர் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் வேலை செய்வதே ஒரு வித்தை. ரொட்டியம்மா பிசைவாள், அச்சில் போடுவாள். அவள் கொழுந்தன் நீளக் கட்டைத் துடுப்பை வைத்து அடுப்புக்குள் தள்ளுவான், எடுப்பான். நெட்டை என்று ஊரே கூப்பிடுகிற மனிதர் விறகு பிளப்பார், மூட்டை தூக்குவார், அச்சு கழுவுவார்.

"உள்ள வாங்கய்யா, நனையுறீங்க."

"மாவு எப்படிம்மா இருக்கு?"

"கோவிச்சுக்கிட்டு படுத்திருக்கு. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. மாவு ஒட்டியிருந்தா தட்டிட்டு உக்காருங்க."

போதகர் சின்ன வயதுக்காரர், நல்லவர். நல்லவர்களிடம் உள்ள ஒரே தொந்தரவு, எல்லோரையும் சீக்கிரம் நல்லவர்களாக்கிவிட வேண்டும் என்று அவசரப்படுவதுதான். அவள் சூடாக ஒரு பன்னைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். தின்றார். ஆலயக் கூரை ஒழுகுவதைப் பற்றிச் சொன்னார். இன்னொன்று கொடுத்தாள். அதையும் தின்றுவிட்டு மழையைப் பற்றிச் சொன்னார். இவ்வளவு தின்றும் விஷயத்துக்கு வராத மனுஷன் ஏதோ பெரிய விஷயத்தோடுதான் வந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லுங்கய்யா. என்ன?"

"இன்ஸ்பெக்டருக்கு நெஞ்சில ஆபரேஷன்மா. வர்ற வாரம்."

அவள் கையைத் துணியில் துடைத்தாள். "கேள்விப்பட்டேன்."

"அவர் எத்தனையோ வருஷமா திருவிருந்து எடுக்கறதில்ல. உங்களுக்கே தெரியும்."

தெரியாமல் என்ன? சபைக்கே தெரியும். இன்ஸ்பெக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் இன்ஸ்பெக்டர்தான். ஞாயிறு தவறாமல் வருவார். முன்வரிசையில் உட்கார்ந்து கட்டைக்குரலில் பாடுவார். ஜனங்கள் எழுந்து அப்பத்துக்கும் திராட்சரசத்துக்கும் போகிற நேரத்தில் மட்டும் அவர் எழுந்து வெளியே போய் மரத்தடியில் நிற்பார். எல்லாம் முடிந்ததும் உள்ளே வருவார். அதைப் பார்த்துச் சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதுண்டு. எவ்வளவு தாழ்மை என்பார்கள். அந்தத் திருவிருந்து மேசைக்குப் போகிற ரொட்டி ரொட்டியம்மாவின் மாமனார் காலத்திலிருந்தே இந்த அடுப்பிலிருந்துதான் போகிறது. தன் ரொட்டியைத் தின்ன முடியாமல் ஒருவர் வெளியே நிற்பதை அவளும் வாராவாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்குக் கண்ணீர் எதுவும் வந்ததில்லை.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை எடுத்துடணும்னு ஆசைப்படறார். ஆனா உங்களோட சமாதானமாகாம பந்திக்கு வர மாட்டேன்னு பிடிவாதமா இருக்கார். நியாயந்தானேம்மா? மனஸ்தாபம் இருந்தா முதல்ல போய் அதைத் தீர்த்துட்டு வரணும்னுதானே நமக்குச் சொல்லியிருக்கு."

"போய்னுதானே சொல்லியிருக்கு? அவர் வரலையே. நீங்கல்ல வந்திருக்கீங்க."

போதகருக்குப் புரை ஏறியது. அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"உங்க முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லம்மா. நீங்க மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் போய்ச் சொல்லிடுவேன்."

அடுப்பு வாயிலில் குனிந்திருந்த கொழுந்தன் நிமிர்ந்தான். "பார்சல் கட்டிக் குடுக்கணுமாய்யா?" என்றான்.

"தம்பி, நீ சும்மா இரு," என்றாள் ரொட்டியம்மா. போதகரிடம், "நாளைக்குச் சொல்லி அனுப்பறேன்" என்றாள். அவர் போகும்போது குடையை மறந்துவிட்டுப் போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

நடந்தது இதுதான். அவள் புருஷன் காலையில் வீடு வீடாக ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பவன். ஒரு பெரிய வீட்டில் தங்கச் சங்கிலி காணாமல் போயிற்று. அன்று அந்த வீட்டு வாசற்படி ஏறிய வெளியாள் ரொட்டிக்காரன் ஒருவன்தான் என்றார்கள். மத்தியானம் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் ஸ்டேஷனுக்குப் போனபோது உள்ளே விடவில்லை. பக்கத்துச் சந்தில் போய் நின்றாள். அங்கே உயரத்தில் ஒரு சன்னல் இருந்தது. அது வழியாக அவன் குரல் கேட்டது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவன் அப்படி ஒரு குரல் எழுப்பி அவள் கேட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் எங்கே என்று கேட்டாள். சர்ச்சுக்குப் போயிருக்கிறார், பாட்டு ஒத்திகை என்றார்கள். ஒரே சபை, தெரிந்த மனுஷர், அவரிடம் சொன்னால் ஓடி வந்துவிடுவார் என்று செருப்புக்கூட இல்லாமல் ஓடினாள். பாடகர் குழு வரிசையாக நின்று பாடிக்கொண்டிருந்தது. அவர் பின்வரிசையில் நின்றார். வாசலுக்கு வந்தார். "சார், அவரை அடிக்கறாங்க, சத்தம் கேக்குது, நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். "அப்படியெல்லாம் ஒண்ணும் இருக்காதும்மா. நீ உக்காரு, வர்றேன்," என்று வெளியே இருந்த பெஞ்சைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். பெரிய அதிகாரி உட்காரச் சொன்னால் உட்காருகிற வளர்ப்பு. உள்ளே பாடினார்கள், பாடினார்கள், பாடிக்கொண்டே இருந்தார்கள். இருட்டும் நேரத்தில் அவர் வெளியே வந்து அவளோடு நடந்து ஸ்டேஷனுக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. சங்கிலி பிறகு அந்தப் பெரிய வீட்டிலேயே, பீரோவுக்குப் பின்னால் கிடைத்தது.

வழக்கு நடந்தது. கோர்ட்டில் இன்ஸ்பெக்டர் தரப்பு வக்கீல் அவளைக் கேட்டார்: அன்றைக்குச் சாயங்காலம் இன்ஸ்பெக்டர் எங்கே இருந்தார்? சர்ச்சில் இருந்தார். நீங்கள் பார்த்தீர்களா? பார்த்தேன். என்ன செய்துகொண்டிருந்தார்? பாடிக்கொண்டிருந்தார். போதும்மா, இறங்கலாம். கேட்டதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். பைபிள் மேல் கை வைத்து உண்மையைச் சொன்னாள். வாசலில் அவர் சொன்னது என்ன என்று யாரும் கேட்கவில்லை. பாடகர் குழுவும் வந்து, ஆமாம், முழு நேரமும் எங்களோடுதான் இருந்தார் என்று சொல்லிவிட்டுப் போனது. அவர் விடுதலையானார். கான்ஸ்டபிள் ஒருவர் ஜெயிலுக்குப் போனார். அந்தக் கான்ஸ்டபிள்தான் நெட்டை.

ஜெயிலிலிருந்து வந்த நெட்டை ஒருநாள் இதே பின்வாசலில் வந்து நின்றார். கேட்காமலேயே சொன்னார். லத்தியால் அடித்ததை, காலால் உதைத்ததை, தண்ணீர் கேட்டபோது கொடுக்காததை, ஒன்று விடாமல் சொன்னார். அவள் கதவை அவர் முகத்தில் அடித்துச் சாத்தினாள். மறுநாளும் வந்தார். யாரிடமும் பேசாமல் வெளியே கிடந்த விறகைப் பிளந்து அடுக்கிவிட்டுப் போனார். கொழுந்தன் கோடாரியை ஒளித்து வைத்தான். அடுத்த நாள் சொந்தக் கோடாரியோடு வந்தார். அப்படியே வந்துகொண்டிருந்தார். எப்போது மன்னித்தாய் என்று அவளைக் கேட்டால் அவளுக்குத் தெரியாது. ஒருநாள் அவரைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டிருந்தாள், அவ்வளவுதான். கொழுந்தன் மட்டும் இன்றுவரை அவரிடம் நேராகப் பேசியதில்லை. ஒரே அடுப்பில் வேலை, கையெட்டும் தூரம், ஆனாலும், "அண்ணி, அந்த ஆளைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க" என்பான். அவரும், "அக்கா, தம்பிகிட்ட நகர்ந்துட்டேன்னு சொல்லுங்க" என்பார்.

போதகர் போன பிறகு கொழுந்தன் துடுப்பைச் சுவரில் சாய்த்தான்.

"அண்ணி, நேரா கேக்கறேன். மன்னிச்சிடுவீங்களா?"

"தெரியலடா."

"மன்னிச்சீங்கன்னா நான் வேற எங்கயாச்சும் போய் வேலை பார்த்துக்கறேன். இந்த அடுப்பை நீங்களும் உங்க நெட்டையும் பார்த்துக்குங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. அவனுக்கு மீசை முளைக்காத வயதில் அவள் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவளுக்குப் பிள்ளையில்லை. அண்ணன் போன பிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள். இவன் போய்விட்டால் இந்த அடுப்பை எதற்கு மூட்ட வேண்டும் என்று தோன்றியது.

"நெட்டையை நான் சேர்த்துக்கிட்டப்ப நீ போகலையே."

"இவன் அடிச்சவன். நான்தான் அடிச்சேன்னு சொன்னான். அந்தாள் என்ன சொல்வாரு? நான் பாடிக்கிட்டிருந்தேன்னு சொல்வாரு. அதை எப்படி மன்னிக்கறது? பாடறது பாவமா?" அவன் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. "நீங்க வாராவாரம் எழுந்து நின்னு விசுவாசப் பிரமாணம் சொல்றீங்களே. சிலுவையில ஆணி அடிச்ச சிப்பாய் பேரு அதுல இருக்கா? இல்ல. உத்தரவு குடுத்துட்டுக் கையைக் கழுவிக்கிட்டானே அந்தத் தேசாதிபதி, அவன் பேருதானே இருக்கு. எதுக்கு வெச்சிருக்காங்க? மன்னிச்சு மறந்துடறதுக்கா?"

ஆலயப் பக்கமே போகாதவன் இவ்வளவு யோசித்து வைத்திருக்கிறானே என்று அவள் ஆச்சரியப்பட்டாள்.

"அண்ணன் செத்த அன்னைக்கே இதைக் கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன்டா. இத்தனை வருஷத்துல எனக்கு ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. அதுக்குப் பதில் தெரியாம மன்னிக்கவும் முடியல, வெறுத்துத் தொலைக்கவும் முடியல."

"என்ன கேள்வி?"

"அவர் வந்தா கேப்பேன். அப்ப நீயும் கேட்டுக்க."

மறுநாள் காலை நெட்டை மூலம் போதகருக்குச் சொல்லி அனுப்பினாள்: அவரையே வரச் சொல்லுங்கள், கடைக்கு, பின்வாசல் வழியாக.

சனிக்கிழமை பிற்பகலில் வந்தார். திருவிருந்து மேசைக்கான ரொட்டியை அவள் பிசைகிற நேரம். போதகர் குடை பிடித்துக்கொண்டு வர, இன்ஸ்பெக்டர் அதற்குள் குறுகி நடந்து வந்தார். சட்டை அவருக்குப் பெரியதாகிவிட்டிருந்தது. ஊரையே அதட்டிய உடம்பு இதுதானா என்று அவளுக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. அந்த இரக்கம் வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

அச்சு கழுவிக்கொண்டிருந்த நெட்டை அவரைக் கண்டதும் சட்டென்று எழுந்து, கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, விறைப்பாக நின்றார். வேலையும் போய், ஜெயிலுக்கும் போய் வந்த பிறகும் அந்த உடம்பு அதை மறக்கவில்லை. கொழுந்தன் அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. ஆரம்பித்தார். என்ன இருந்தாலும் அது தன் ஸ்டேஷன் என்றார். காலம் அப்படி, மேலிருந்து நெருக்கடி அப்படி என்றார். இத்தனை வருஷம் அவர் மனசு பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும் என்றார். அவள் பிசைந்துகொண்டே கேட்டாள். மாவு இன்று நன்றாக வந்திருந்தது.

"தெரிஞ்சோ தெரியாமலோ என்னால உங்க குடும்பத்துக்கு..."

"தெரிஞ்சா, தெரியாமலா சார்?"

அவர் ஸ்டூலில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"விசாரிக்கச் சொன்னேன்மா. இவங்க இந்த அளவுக்குப் போவாங்கன்னு நான்..."

"நான் சர்ச்சுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள முடிச்சு வைங்கன்னு சொன்னீங்கய்யா," என்றார் நெட்டை. விறைப்பாக நின்றபடியே, சுவரைப் பார்த்துக்கொண்டு. குரல் மெதுவாகத்தான் இருந்தது. அவர் வாழ்க்கையில் மேலதிகாரியை எதிர்த்துப் பேசியது அது முதல் தடவையாக இருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னேன்."

"அதை விடுங்க," என்றாள் ரொட்டியம்மா. "அதைத்தான் இவன் கோர்ட்டுலயே சொன்னானே, யாரும் நம்பல. நான் கேக்கறது வேற. அன்னைக்கு நான் சர்ச்சு வாசல்ல வந்து நின்னேன். சத்தம் கேக்குதுன்னு சொன்னேன். அப்படியெல்லாம் இருக்காதுன்னு சொன்னீங்க. நீங்க என்னை நம்பினீங்களா, நம்பலையா?"

போதகர் குறுக்கே வந்தார். "அம்மா, அவர் உடம்பு இருக்கற நிலைமையில..."

"ஐயா, அந்தத் தட்டுல பன் இருக்கு. சாப்பிடுங்க."

விறகு வெடித்தது. கூரைத் தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் இப்போது போதகருக்கு ஒப்பித்துப் பழகிய குரலில் பேசவில்லை.

"நம்பினேன்."

அவள் கை நின்றது.

"நீ ஓடி வந்த கோலத்தைப் பார்த்ததுமே தெரியும். நான் அப்பவே போயிருந்தா ஆள் பொழைச்சிருப்பான். ஆனா போனா நான் பார்க்கணும். பார்த்தா நிறுத்தணும், இல்லன்னா நானும் அதுல ஒருத்தன். நிறுத்தினா அந்தப் பெரிய வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லணும். போகாம இருந்துட்டா ஒண்ணும் தெரியாதவனா இருந்துடலாம்னு நெனச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "இன்னொண்ணும் இருக்கு. இதைப் போதகர்கிட்டகூடச் சொல்லல. நீ வந்த கொஞ்ச நேரத்துலயே ஒத்திகை முடிஞ்சுது. பாட்டு வாத்தியார் புத்தகத்தை மூடிட்டார். நான்தான் அந்தக் கடைசிப் பாட்டை இன்னொரு தடவை பாடிப் பார்த்துடலாம்னு சொன்னேன். பாடினோம். குரல் சேரலை, மறுபடியும் பாடலாம்னேன். மறுபடியும். எல்லாரும் சலிச்சுக்கிட்டாங்க. அதிகாரி சொல்றேனேன்னு பாடினாங்க. நீ பெஞ்சில உக்காந்திருக்கறது எனக்கு சன்னல்ல தெரிஞ்சுது."

அந்தப் பாட்டு அவளுக்கு இன்றைக்கும் தெரியும். அதைச் சபையில் பாடும்போதெல்லாம் அவள் வாயைத் திறந்ததில்லை. இத்தனை காலமும் அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தது பாட்டு வாத்தியாரை. ஒரு பாட்டை எத்தனை தடவை பாடச் சொல்வான் பாவி மனுஷன், சீக்கிரம் விட்டிருந்தால் இவர் வந்திருப்பாரே என்று. அந்தக் கிழவர் கடைக்கு வந்தால் பழைய ரொட்டியாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறாள்.

சுவரில் சாய்ந்திருந்த துடுப்பை எடுத்து இந்த ஆளை ஒரே போடாகப் போட வேண்டும் என்று உண்மையாகவே தோன்றியது. அவளுக்கு முன்னால் கொழுந்தன் அதை எடுத்துவிட்டிருந்தான். அவள் மாவுக் கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நெட்டையும் பிடித்தார். மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

"விடுங்க அண்ணே," என்றான் கொழுந்தன் நெட்டையைப் பார்த்து. துடுப்பைக் கீழே வைத்தான். நேராகத்தான் பேசினோம் என்பது அவனுக்கே உறைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அடி விழுந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும் போலிருந்தது. வார்த்தை ஒன்று வாங்கிக்கொண்டு போக வந்த போதகர், இப்போது வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைச் சபைல சொல்லணும் சார்," என்றாள் ரொட்டியம்மா. "உங்களோட நின்னு பாடினவங்க எல்லாரும் கோர்ட்டுக்கு வந்து உங்களுக்காகச் சாட்சி சொன்னாங்க. நானும் சொன்னேன். நான் உண்மையைச் சொன்னேன், அதாலயே நீங்க தப்பிச்சீங்க. எதுக்காக அவங்களைத் திரும்பத் திரும்பப் பாட வெச்சீங்கன்னு அவங்களுக்கும் தெரியட்டும்."

"சபை முன்னாடின்னா..." போதகர் இழுத்தார். "கேஸை மறுபடியும் எடுப்பாங்கம்மா. இந்த வயசுல, இந்த உடம்போட..."

"எடுக்கட்டும். இவன் போயிட்டு வரலையா?" என்று நெட்டையைக் காட்டினாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "சொன்னா மன்னிப்பியாம்மா?"

"தெரியாது சார். அதுக்குக் கூலியா இதைக் கேக்கல."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார். வாசலைத் தாண்டியவர் திரும்பி நெட்டையைப் பார்த்தார். "உக்காருப்பா," என்றார். நெட்டை அப்போதுதான் உடம்பைத் தளர்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. கூரை மட்டும் ஒழுகியது. பக்க வரிசையில் இரண்டு வாளிகள் வைத்திருந்தார்கள். ரொட்டியம்மா ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு நடுவரிசையில் உட்கார்ந்தாள். அவர் வர மாட்டார் என்றுதான் நினைத்தாள். வந்தார். பிரசங்கம் முடிந்ததும் போதகர், ஒருவர் சபைக்கு ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறார் என்றார்.

இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நின்று, பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சொன்னார். ஸ்டேஷனில் சொல்லிவிட்டு வந்ததை, வாசலில் அவள் வந்து நின்றதை, நம்பினதை. அழகாகச் சொல்லவில்லை, நடுவில் நிறுத்தி நிறுத்தி, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையைப் போலச் சொன்னார். திரும்பத் திரும்பப் பாட வைத்த இடத்துக்கு வந்தபோது, முன்வரிசையில் இருந்த பாட்டு வாத்தியார் கையிலிருந்த புத்தகம் நழுவி விழுந்தது. கிழவர் அதை எடுக்கவே இல்லை.

ஜனங்களுக்கு அதைத் தாங்க முடியவில்லை. ஓர் அம்மாள் எழுந்து, "போதும் ஐயா, மனசு திறந்து சொல்லிட்டீங்க, உக்காருங்க, கர்த்தர் மன்னிப்பார்," என்றாள். ஆமென் என்று இரண்டு மூன்று குரல்கள். யாரோ தண்ணீர் கொண்டுவரப் போனார்கள். போதகரும் நிம்மதியாக மூச்சு விட்டு, ஜெபிக்கிறதற்குக் கையை உயர்த்தினார்.

ரொட்டியம்மா எழுந்தாள். சபையில் அவள் தானாக எழுந்து பேசியது அதுவரை இல்லை.

"ஐயா, அவர் இன்னும் சொல்லி முடிக்கல."

கை கீழே இறங்கியது. இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே தூணோரமாக நெட்டை உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கான்ஸ்டபிள் கோர்ட்டுல சொன்னது நிஜம்," என்றார். "நான் சொன்னதுதான் பொய். நான் போக வேண்டிய இடத்துக்கு அவனை அனுப்பினேன். நாளைக்குக் காலையில இதையெல்லாம் போய் எழுதிக் குடுத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன்."

இப்போது யாரும் ஆமென் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவந்தவர் டம்ளரோடு வழியில் நின்றுவிட்டார். அங்கே இருந்தவர்களில் பலர் கோர்ட்டுக்குப் போய் அவருக்காகச் சாட்சி சொன்னவர்கள்தானே. எல்லோரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதகர் புத்தகத்தைத் திறந்து, வழக்கமான பாவ அறிக்கையைத் தொடங்கினார். அன்றைக்கு அதைச் சபை வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னது.

திருவிருந்து நேரம் வந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து, பழக்கப்படி வெளியே போகத் திரும்பினார். நடுவழியில் ரொட்டியம்மா நின்றிருந்தாள்.

"எங்க சார் போறீங்க?"

"நீ இன்னும்..." அவருக்கு மூச்சு முட்டியது. "நீ இன்னும் மன்னிக்கலையேம்மா."

"இல்ல சார். என்னோடது இன்னும் ஆகல. ஆகும்போது ஆகும்." அவள் மேசைப் பக்கம் கையைக் காட்டினாள். "ஆனா அந்த மேசை என்னோடது இல்ல. சுட்டுக் குடுத்ததோட என் வேலை முடிஞ்சுது. என்னைக் காவலுக்கு நிறுத்தாதீங்க. நீங்க போங்க."

அவர் போனார். முன்னால், சுவரை ஒட்டிய கோடியில், மிகவும் சிரமப்பட்டு முழங்கால் போட்டார். ஜனங்கள் வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். போனவர்கள் எல்லோரும் மறுகோடியிலிருந்து நெருக்கியடித்து முழங்கால் போட்டார்கள். சற்றுமுன் போதும் ஐயா என்ற அம்மாளும் அங்கேதான். அவர் பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாகவே இருந்தது.

முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்து ரொட்டியம்மா திரும்பினாள். கொழுந்தன். எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை. சட்டையில் மாவு அப்படியே இருந்தது.

"மன்னிச்சிட்டீங்களா அண்ணி?" என்று காதோடு கேட்டான்.

"இல்லடா."

"அப்ப ஏன் அனுப்பினீங்க?"

"அவரை வெளிய நிறுத்தி வெச்சது நான்னு இத்தனை வருஷமா ஊர் நெனச்சுக்கிட்டிருக்கு. அந்த வேலை எனக்கு வேணாம்."

"ஆபரேஷன்ல ஏதாச்சும் ஆயிட்டா? நீங்க சொல்லாமலே போயிடுவாரே."

"போனா மேல போய்ச் சொல்லிக்கறேன். நானும் அங்கதானே போகணும்."

அவன் கண் கலங்கியிருந்தது. அவளுக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. புருஷனுக்காக அழுது தீர்த்துவிட்டதாக நினைத்திருந்தாள், தீரவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். வேறு வேலைக்குப் போவதைப் பற்றி அவன் மறுபடி பேசவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

அவள் முன்னால் நடந்தாள். மறுகோடியில் யாராவது நகர்ந்து இடம் விடுவார்களா என்று பார்த்தாள். யாரும் நகரவில்லை. சுவரோரம் போய் அவருக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டாள். அவருடைய மூச்சு இரைப்பது கேட்டது. அவள் அவரைப் பார்க்கவில்லை. போதகர் ரொட்டியைப் பிட்டு அவர் கையில் வைத்தார்; அதே துண்டின் மீதியை அவள் கையில் வைத்தார்.

மன்னித்துவிட்டாளா என்று கேட்டால், இல்லை. காலி இடம் அங்கேதான் இருந்தது.